மேகம் மூடிய ராத்திரி ஏன் புழுங்குகிறது? பசுமை இல்ல வாயுக்கள் வேலை செய்யும் விதம்

கோடையில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துப் பழகியவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி ஏற்கெனவே தெரியும். நட்சத்திரம் தெளிவாகத் தெரிகிற இரவு என்றால், பதினொரு மணி வரைக்கும் தளம் முதுகைச் சுடும், அப்புறம் மெல்ல மெல்லச் சூடு இறங்கி, விடியற்காலை நாலு மணிக்குக் காலடியில் கிடக்கிற போர்வையைத் தேட வைக்கும். அதே மாடிதான், அதே சித்திரை மாதம்தான், ஆனால் மேகம் மூடிக் கிடக்கிற இரவில் விடிய விடியப் புழுக்கம், தலையணை நனைந்துவிடும். புழுக்கத்துக்குக் காற்றில் இருக்கிற ஈரமும் ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. ஆனாலும் தளத்தைத் தொட்டுப் பாருங்கள், தளமே ஆறியிருக்காது.

இதன் மறுமுனையைப் பார்க்க மார்கழி, தை மாதங்களில் ஊட்டிக்குப் போக வேண்டும். உறைபனி விழுந்த காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும், வாசலில் நிறுத்தி வைத்த பைக் சீட்டின் மேல் உப்பைத் தூவிவிட்டதுபோல் இருக்கும். அப்படி விழுவதெல்லாம் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்த இரவுகளுக்கு மறுநாள்தான். சாயங்காலம் மேகம் சூழ்ந்துகொண்டால் அன்றைக்குப் பெரும்பாலும் பயமில்லை. தேயிலை இளஞ்செடி வைத்திருப்பவர்கள் பனிக்காலத்தில் செடிகளின் மேல் தழைகளை வெட்டிப் போட்டு மூடி வைப்பார்கள். தழையில் ஏது சூடு? ஒன்றும் கிடையாது. செடியிலிருந்தும் மண்ணிலிருந்தும் வானத்தைப் பார்த்துக் கிளம்புகிற சூட்டை அது மறிக்கிறது, அவ்வளவுதான்.

மாடியானாலும் ஊட்டியானாலும், கவனிக்க வேண்டியது ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்குச் சூரியன் இல்லை, வரவு பூஜ்யம். குளிர்கிறதா புழுங்குகிறதா என்று தீர்மானிப்பது வெளியே போகிற சூடு எவ்வளவு என்பதுதான். பூமி சூடாவதைப் பற்றிப் பேசும்போது பலரும் வெயில் அதிகமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெயில் அப்படியேதான் இருக்கிறது. செலவுப் பக்கத்தில்தான் கோளாறு.

சரி, சூடு எப்படி வெளியே போகிறது? அடுப்பை அணைத்த பிறகு தோசைக்கல்லின் பக்கவாட்டில், தொடாமல், உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். கல்லில் வெளிச்சம் எதுவும் தெரியாது, ஆனாலும் கையில் சூடு உறைக்கும். அதுதான் அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை ஒளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சமாவது சூடு உள்ள எந்தப் பொருளும் இதை வீசிக்கொண்டே இருக்கும்: தோசைக்கல், மாடித்தளம், நீங்கள், நான், கடல், காவிரி மணல் எல்லாமும். சூடு ஏற ஏற வீசுவதும் அதிகமாகும். பூமிக்கு வெளியே இருப்பது வெற்றிடம், அங்கே காற்று வந்து சூட்டை அள்ளிக்கொண்டு போக முடியாது. ஆகவே பூமி தன் சூட்டைச் செலவழிக்க இந்த அகச்சிவப்புக் கதிர் ஒன்றுதான் வழி.

கணக்கைப் பார்ப்போம். இரவு பகல், துருவம் நிலநடுக்கோடு எல்லாவற்றையும் சராசரியாக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு வந்து சேர்கிற வெயில் சுமார் 340 வாட். அதில் 30 சதவீதத்தை மேகமும் பனியும் பாலைவன மணலும் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகின்றன. மிச்சம் 240 வாட். பழைய சீலிங் ஃபேன் மூன்று ஓடுகிற அளவு. பூமி நிலையாக இருக்க வேண்டுமென்றால் அதே 240 வாட் வெளியே போயாக வேண்டும். 240 வாட் வீசுவதற்கு ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் வருகிற விடை மைனஸ் 18 டிகிரி. ஐஸ்கிரீம் வைக்கிற ஃப்ரீசரின் குளிர் அது. ஆனால் பூமியின் சராசரி வெப்பம் கிட்டத்தட்ட 15 டிகிரி. இடையில் இருக்கிற அந்த 33 டிகிரியைத் தருவதுதான் பசுமை இல்ல வாயுக்கள், அதாவது வெளியே போகிற அகச்சிவப்புக் கதிரை மறிக்கிற நீராவி, கரியமில வாயு போன்றவை. அவை இல்லாவிட்டால் கடல் உறைந்துபோயிருக்கும், இதை எழுதவும் படிக்கவும் ஆள் இருந்திருக்காது. ஆகவே பசுமை இல்ல விளைவு என்றாலே கெட்டது என்று நினைக்க வேண்டாம். சோற்றுக்கு உப்பு மாதிரி அது, அளவில்தான் எல்லாம் இருக்கிறது.

(பெயர் கொஞ்சம் பொருத்தமில்லாதது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓசூர்ப் பக்கம் ரோஜா வளர்க்கிற பசுமைக்குடில்கள் சூடாக இருப்பதற்கு முக்கியக் காரணம், உள்ளே சூடான காற்று மேலே எழும்பித் தப்பிக்க முடியாமல் பிளாஸ்டிக் கூரை அடைத்து வைத்திருப்பது. வெயிலில் நிறுத்திய காரும் அப்படித்தான். காற்றுமண்டலத்துக்குக் கூரை கிடையாது, அது கதிரை மறிக்கிறது. வழி வேறு, பலன்தான் ஒன்று. பெயர் நிலைத்துவிட்டதால் நானும் அதையே எழுதுகிறேன்.)

இந்த 33 டிகிரிப் புதிரை முதலில் எழுப்பியவர் பிரான்ஸின் ஜோசஃப் ஃபூரியே. 1824இல் எழுதிய கட்டுரையில், காற்றுமண்டலம் வெயிலை எளிதாக உள்ளே விடுகிறது, ஒளியில்லாத வெப்பத்தை அவ்வளவு எளிதாக வெளியே விடுவதில்லை என்று சொன்னார். 1856இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்கிற பெண்மணி, தெர்மாமீட்டர் வைத்த கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு அடைத்த குழாய்தான் மற்றவற்றைவிட அதிகம் சூடானது, ஆறுவதற்கும் நெடுநேரம் எடுத்துக்கொண்டது. காற்றில் இந்த வாயு அதிகமாக இருந்திருந்தால் பூமியும் அதிகச் சூடாக இருந்திருக்கும் என்று அப்போதே எழுதிவிட்டார். அந்தக் கட்டுரையை ஆல்பனியில் நடந்த அறிவியல் மாநாட்டில் படித்தது அவர் அல்ல, ஜோசஃப் ஹென்றி என்கிற ஆண் விஞ்ஞானி. அதன் பிறகு நூறாண்டுக்கும் மேல் ஃபுட்டின் பெயரை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. 1859இல் லண்டனில் ஜான் டிண்டல் ஒரு படி மேலே போய், வெயிலை விட்டுவிட்டு வெறும் வெப்பக் கதிரை வாயுக்களின் வழியே செலுத்தி அளந்தார். நைட்ரஜனும் ஆக்சிஜனும் கதிரைக் கண்டுகொள்ளவே இல்லை. நீராவியும் கரியமில வாயுவும் பிடித்து வைத்துக்கொண்டன.

இங்கேதான் பலருக்கும் ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம், கரியமில வாயுவோ வெறும் 0.04 சதவீதம். 99 பங்கு செய்யாததை இந்தத் துக்கடா வாயு எப்படிச் செய்கிறது?

காவடி எடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். கரியமில வாயுவின் மூலக்கூறு அப்படித்தான் இருக்கும்: நடுவில் ஒரு கார்பன் அணு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆக்சிஜன் அணு, ஒரே நேர்கோட்டில். காவடிக்காரர் நடக்கும்போது தண்டின் இரண்டு முனைகளும் மேலும் கீழும் வளைந்து ஆடுமே, அதேபோல் இந்த மூலக்கூறும் வளைந்து ஆடும். ஒரு நொடியில் இத்தனை தடவை என்று அந்த ஆட்டத்துக்கு ஒரு வேகம் உண்டு. அகச்சிவப்புக் கதிரும் ஓர் அலைதான், அதற்கும் அதேபோல் நொடிக்கு இத்தனை அதிர்வு என்று ஒரு வேகம் உண்டு. இரண்டும் ஒத்துப்போனால் மூலக்கூறு அந்தக் கதிரை விழுங்கிவிட்டு இன்னும் பலமாக ஆடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது மாதிரி. கரியமில வாயுவின் இந்த ஆட்டத்துக்கு ஒத்துப்போவது 15 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள கதிர். பூமி வீசுகிற வெப்பத்தில் மிக வலுவான பகுதிக்கு நெருக்கத்திலேயே அது இருக்கிறது. நைட்ரஜனிலும் ஆக்சிஜனிலும் ஒரே மாதிரி இரண்டு அணுக்கள் மட்டுமே. நடுவில் தோள் இல்லை, வளைய வழி இல்லை. இரண்டு அணுவும் நெருங்கும், விலகும், ஆனால் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் அந்த அசைவை அகச்சிவப்புக் கதிரால் பற்றிக்கொள்ள முடியாது. அதனால் எத்தனை கோடி இருந்தும் கதிர் அவற்றைத் தாண்டிப் போய்விடும். அளவு சிறிது, வேலை பெரிது என்பதில் ஆச்சரியப்படவும் ஒன்றுமில்லை. ஒரு வாளித் தண்ணீரில் ரெண்டு சொட்டு இங்க் விழுந்தால் என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறோம்.

இனி வருவது இந்தக் கட்டுரையிலேயே கொஞ்சம் கடினமான இடம், ஆனால் இது புரிந்தால் மிச்சம் எல்லாம் தானாகப் புரியும், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

தரையிலிருந்து கிளம்புகிற வெப்பம் நேராக விண்வெளிக்குப் போய்விடுவதில்லை. வீடு கட்டுமிடத்தில் கான்கிரீட் போடும்போது கீழிருந்து மேல்வரை ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றி விடுவார்கள் அல்லவா, அப்படி ஒரு அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு வெப்பம் மேலே போகிறது. ஒரு அடுக்கில் உள்ள வாயு விழுங்கும், அக்கம்பக்கத்து மூலக்கூறுகளோடு மோதிச் சூட்டைப் பகிர்ந்துகொள்ளும், அப்புறம் மேலேயும் கீழேயுமாகத் திரும்ப வீசும். மேலே போகப் போகக் காற்று மெலிந்துகொண்டே வரும். ஓர் உயரத்துக்கு மேல், மறிக்க ஆள் போதாது, அங்கிருந்து வீசுகிற கதிர் நேரே விண்வெளிக்குத் தப்பிவிடும். வரிசையில் கடைசி ஆள் நிற்கிற இடம் அது. பூமியின் செலவுக் கணக்கு உண்மையில் அந்த உயரத்தில்தான் எழுதப்படுகிறது, தரையில் இல்லை.

அந்த உயரம் எவ்வளவு? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு மேலே போகப் போகக் குளிரும் என்பது தெரியும். சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும். தரையில் 15 டிகிரி. 5 கிலோமீட்டர் மேலே போனால் முப்பத்திரண்டரை டிகிரி குறைந்து மைனஸ் பதினேழரை. சற்று முன்னால் பார்த்த மைனஸ் 18 ஏறக்குறைய வந்துவிட்டதா? ஆக, விண்வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் பூமி மைனஸ் 18 டிகிரியில்தான் தெரிகிறது, ஏனென்றால் அவர் கண்ணுக்குப் படுவது சராசரியாக 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற கடைசி ஆள்.

இப்போது கரியமில வாயுவைக் கூட்டுங்கள். மறிக்கிற ஆள் அதிகமாகிறது, வரிசை நீள்கிறது, கடைசி ஆள் இன்னும் கொஞ்சம் மேலே போய் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே குளிர் அதிகம். குளிர்ந்த பொருள் குறைவாகத்தான் வீசும். ஆக 240 வாட் வந்துகொண்டிருக்க, அதைவிடக் குறைவாகச் செலவாகிறது. மிச்சம் பூமியிலேயே தங்குகிறது. தங்கத் தங்கக் கடலும் தரையும் காற்றும் சூடாகி, அந்தக் கடைசி ஆள் நிற்கிற உயரமும் சூடாகி, மறுபடி 240 வாட் வெளியே போகிற வரைக்கும் இது நடக்கும்.

1900 வாக்கில் சில விஞ்ஞானிகள், கரியமில வாயு பிடிக்கக்கூடிய கதிரையெல்லாம் ஏற்கெனவே பிடித்துவிட்டது, இனிமேல் எவ்வளவு கூட்டினாலும் ஒன்றும் ஆகாது என்று வாதாடினார்கள். இன்றைக்கும் இதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தரைக்குப் பக்கத்தில் மட்டும் பார்க்கிறார்கள். கீழே வரிசை நெரிசலாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கடைசி ஆள் எங்கே நிற்கிறார் என்பதுதானே கேள்வி?

இன்றைக்கு வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 வாட். 240இல் 1. கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் பூமி முழுவதுக்கும் பெருக்கினால், உலகத்தில் உள்ள எல்லா மனிதர்களும் மின்சாரம், பெட்ரோல், எரிவாயு என்று பயன்படுத்துகிற மொத்த ஆற்றலைப்போல் 20 மடங்குக்கும் மேலே போகிறது. இரவும் பகலும், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் அது சேர்ந்துகொண்டிருக்கிறது.

சரி, வாயு கூடியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்கிற எரிமலையின் சரிவில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், சார்லஸ் கீலிங் 1958 மார்ச்சில் அளக்க ஆரம்பித்தார். பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் எத்தனை கரியமில வாயு என்பதுதான் அளவு, அதைப் பிபிஎம் என்பார்கள். 1959ஆம் ஆண்டுச் சராசரி 316. 2024இல் 424. கீலிங் 2005இல் இறந்துவிட்டார், அளவு தொடர்கிறது. அந்த வரைபடம் நேர்கோடாக ஏறாது, ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி ஏறும். வட பாதியில் காடுகள் அதிகம், கோடையில் இலை துளிர்த்து வாயுவை இழுத்துக்கொள்ளும், குளிர்காலத்தில் இலை உதிர்ந்து மக்கித் திருப்பிக் கொடுக்கும். பூமி மூச்சு விடுவது அதில் தெரிகிறது. மூச்சு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் மேலே தள்ளிப் போவதும் தெரிகிறது.

அதற்கு முன்னால்? அண்டார்டிகாவின் பனிக்கட்டியைத் துளைத்து எடுத்தால் அதனுள்ளே பழைய காற்று குமிழ் குமிழாக அடைபட்டிருக்கும். எட்டு லட்சம் ஆண்டுக் காற்று அப்படிக் கிடைத்திருக்கிறது. அவ்வளவு காலத்திலும் அளவு ஏறத்தாழ 180க்கும் 300க்கும் இடையில்தான் ஆடியிருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன்னால் 280. இப்போது அதைப்போல் ஒன்றரை மடங்கு.

இதெல்லாம் நம்முடைய புகைதானா, எரிமலையோ வேறெதுவோ இல்லையா என்பது நியாயமான கேள்வி. பதில் கீழடியில் இருக்கிறது, சொல்கிறேன். கீழடியில் கிடைத்த கரித்துண்டுகளின் வயதை, உயிருள்ள எல்லாவற்றிலும் துளியளவு இருக்கிற கார்பன்-14 என்கிற ஒரு வகைக் கார்பனை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். உயிர் போன பிறகு அந்தக் கார்பன் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நிலக்கரியும் கச்சா எண்ணெயும் பல கோடி ஆண்டு பழையவை, அவற்றில் கார்பன்-14 துளிகூட மிச்சம் இருக்காது. அதை எரித்து வருகிற கரியமில வாயுவிலும் இருக்காது. அப்படியானால் காற்றில் கார்பன்-14இன் பங்கு நீர்த்துப்போக வேண்டும். நீர்த்துப்போவதை 1955இலேயே ஹன்ஸ் சூயஸ் மர வளையங்களில் காட்டிவிட்டார். தவிர, எரிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும், காற்றில் ஆக்சிஜனும் அதற்கேற்ப மிகச் சிறிதளவு குறைந்துகொண்டு வருகிறது (மூச்சு முட்டுமோ என்று பயப்படாதீர்கள், அவ்வளவு குறையவில்லை). எரிமலைகள் ஒரு வருடத்தில் கக்குகிற கரியமில வாயு, மனிதர்கள் விடுவதில் நூறில் ஒரு பங்குகூட வராது.

சூரியன் காரணமாக இருந்தால் காற்றுமண்டலம் மேலிருந்து கீழ்வரை எல்லாமே சூடாக வேண்டும். நடப்பது வேறு. கீழ் அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது. வாயுக்கள் கூடினால் இப்படித்தான் ஆகும் என்று சுக்குரோ மனாபே 1967இலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம்முடைய புகையின் எடை எவ்வளவு என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்கூட்டரில் 5 லிட்டர் பெட்ரோல் போடுகிறீர்கள். அதன் எடை 4 கிலோவுக்கும் குறைவு. அது எரிந்து வெளியே போகிற கரியமில வாயுவோ பதினொன்றரை கிலோ. முதல் தடவை இந்தக் கணக்கைப் பார்த்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். பிழை இல்லை, பெட்ரோலில் இருப்பது கார்பன், ஒவ்வொரு கார்பனும் எரியும்போது காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது, எடையில் பெரும்பகுதி அந்த ஆக்சிஜன்தான். வீட்டுக்கு வருகிற 14.2 கிலோ சிலிண்டர் தீர்வதற்குள் 42 கிலோவுக்கு மேல். கண்ணுக்குத் தெரிந்தால், நாற்றமாவது அடித்தால், கதையே வேறாக இருந்திருக்கும்.

உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்து வருடத்துக்குச் சுமார் 3,700 கோடி டன் வருகிறது. காற்றில் 1 பிபிஎம் ஏற 780 கோடி டன் போதும். காடழிப்பையும் சேர்த்தால் வருடத்துக்கு 5 பிபிஎம் ஏற வேண்டும், ஏறுவதோ பாதிதான். மறுபாதியைக் கடலும் காடும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. வாங்கிக்கொள்கிற கடலில் அதனாலேயே அமிலத்தன்மை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவருகிறது.

மற்ற வாயுக்களுக்கு வருவோம். மீத்தேனை நம்மில் பலர் காலால் மிதித்திருக்கிறோம். தண்ணீர் கட்டிய நெல் வயலில் இறங்கினால், சேற்றில் கால் புதையும்போது பக்கத்தில் குமிழ் குமிழாக வெளியே வருமே, அதில் பெரும்பங்கு மீத்தேன். தண்ணீர் மூடியிருப்பதால் சேற்றுக்குள் ஆக்சிஜன் போகாது, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழ்கிற நுண்ணுயிர்கள் வைக்கோலையும் வேரையும் மக்கவைத்து இதை விடுகின்றன. மாட்டின் வயிற்றிலும் இதே கூட்டம்தான். அசைபோடுகிற மாடு ஏப்பத்தில் விடுகிறது (பின்பக்கமாக என்று நினைப்பவர்கள் அதிகம், பெரும்பகுதி வாய் வழியேதான்). குப்பைக் கிடங்கு, நிலக்கரிச் சுரங்கம், கசிகிற எரிவாயுக் குழாய் இவற்றிலிருந்தும் வருகிறது. மீத்தேன் காற்றில் 12 ஆண்டு போல்தான் தாக்குப்பிடிக்கும், ஆனால் இருக்கிற வரைக்கும் முரட்டு வேலை செய்யும். எடைக்கு எடை, 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 80 மடங்கு, 100 ஆண்டுக் கணக்கில் 28 மடங்கு வாக்கில். நெல்லுக்கு ஒரு வழி இருக்கிறது, அதற்கு நம்மிடம் அழகான பெயரும் இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். வயலில் எப்போதும் தண்ணீரைக் கட்டி வைக்காமல், லேசாக வெடிப்பு விடும்வரை காயவிட்டு அப்புறம் பாய்ச்சுவது. தண்ணீரும் மிச்சம், காற்றுப் புகுவதால் அந்த நுண்ணுயிர்களுக்கும் வேலை குறைவு. கடைமடையில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாமல், வந்ததைக் கட்டி வைத்துக்கொள்கிற விவசாயியிடம் இதைச் சொல்வது எளிதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

யூரியா போட்ட மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வருகிறது, அது நூறாண்டுக்கு மேல் தங்கும், கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு. அப்புறம் ஏசி கேஸ். எங்கள் வீட்டு ஏசியை இடம் மாற்ற வந்தவர் வால்வைத் திறந்து பழைய கேஸை உஸ்ஸென்று வெளியே விட்டார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆர்-410ஏ என்கிற வகை அது, 2,000 மடங்குக்கு மேல். ஒரு கிலோ போனாலே இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம், அதாவது 900 லிட்டர் பெட்ரோல். என் ஸ்கூட்டருக்கு அது பல வருடத்துக்கு வரும். இந்த வகை வாயுக்களைக் குறைப்பதற்குத்தான் 2016இல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் ஓர் உடன்பாடு போட்டார்கள்.

ஓசோன் ஓட்டை விவகாரத்தையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ஓசோன் மறிப்பது புற ஊதாக் கதிரை, அது வரவுப் பக்கம். ஓட்டை வழியாக வெயில் வந்து பூமி சூடாகிறது என்பது தவறு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது, ஓசோனைத் தின்ற பழைய ஃப்ரிட்ஜ் வாயுக்கள் பசுமை இல்ல வாயுக்களாகவும் இருந்தன, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட அதிகமாக வெப்பத்தைப் பிடித்து வைப்பது நீராவி. மாடியில் புழுங்கிய அந்த இரவுக்கு மேகமும் அதுவும்தான் காரணம். அப்படியானால் நீராவியைத்தானே திட்ட வேண்டும் என்று கேட்கலாம். நீராவி தானாக ஏறாது, ஏறினால் சில நாளில் மழையாகக் கொட்டிவிடும். காற்று எவ்வளவு சூடோ அவ்வளவுதான் அதனால் நீராவியைச் சுமக்க முடியும், ஒரு டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம் கூடும். கரியமில வாயு ஒரு டிகிரி ஏற்றினால், நீராவி கூடி அதற்கு மேல் இன்னும் ஏற்றுகிறது, வட்டிக்கு வட்டி மாதிரி. வட துருவத்தில் பனி உருகுவதும் இதே கணக்கில் வரும். வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், அது போய்க் கருநீலக் கடல் வெளியே தெரிந்தால் வெயிலைக் குடித்துக்கொள்ளும்.

1896இல் ஸ்வீடன் நாட்டு ஸ்வாந்தே அர்ஹீனியஸ் இந்த நீராவி வட்டியையும் சேர்த்து, பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார். கரியமில வாயு இரண்டு மடங்கானால் 5 அல்லது 6 டிகிரி ஏறும் என்று வந்தது. இன்றைய கணிப்பு 3 டிகிரி வாக்கில், இரண்டரையிலிருந்து 4க்குள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அவ்வளவு பக்கத்தில் வந்ததே பெரிய காரியம். குளிர் நாட்டுக்காரர் என்பதால், பூமி சூடானால் நல்லதுதானே என்று அவர் சந்தோஷப்பட்டதுதான் வேடிக்கை.

இதுவரை எவ்வளவு ஏறியிருக்கிறது? 1850 முதல் 1900 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டால் 2024ஆம் ஆண்டு சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு சொல்லியிருக்கிறது. அளக்கத் தொடங்கியதிலிருந்து அதுதான் மிகச் சூடான ஆண்டு. ஒன்றரை டிகிரியில் என்ன ஆகிவிடும், காலைக்கும் மத்தியானத்துக்குமே பத்து டிகிரி மாறுகிறதே என்று தோன்றும். அதை உடம்புச் சூட்டோடு ஒப்பிடுங்கள். வெளியே பத்து டிகிரி மாறினால் விசிறிக்கொள்வோம், உடம்பின் சராசரி ஒன்றரை டிகிரி ஏறினால் லீவு போடுவோம்.

கூடின நீராவி எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, அந்த மாவட்டத்தில் ஒரு வருடத்துக்குப் பெய்கிற மழையைவிட அதிகம். இந்த ஒரு மழை புவி வெப்பத்தால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஒற்றை நிகழ்வுக்கு அப்படி முத்திரை குத்தக் கூடாது, வங்கக் கடலோரம் பெருமழை புதிதும் அல்ல. ஆனால் மேகம் சுமந்து வருகிற மூட்டை முன்பைவிடக் கனமாகிவிட்டது என்பது நிச்சயம். அதே வெப்பம் மழை இல்லாத இடத்தில் மண்ணின் ஈரத்தையும் வேகமாக உறிஞ்சுகிறது, அதனால்தான் வெள்ளமும் வறட்சியும் ஒன்றுக்கொன்று எதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே கணக்கிலிருந்து வருகின்றன.

கடைசியாக, எல்லோரும் கேட்கிற கேள்வி: நாளைக்கே எல்லாப் புகையையும் நிறுத்திவிட்டால் பூமி பழையபடி ஆறிவிடுமா? ஆறாது. மீத்தேன் பத்திருபது ஆண்டுகளில் கரைந்துபோகும், அந்தப் பங்குக்குக் கொஞ்சம் இறங்கும். கரியமில வாயு அப்படி இல்லை, அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். பாட்டன் காலத்தில் லண்டனில் எரித்த நிலக்கரியின் வாயு இன்னமும் நம் தலைக்கு மேலே வேலை செய்துகொண்டிருக்கிறது, யார் எவ்வளவு குறைப்பது என்று நாடுகள் சண்டை போடும்போது பழைய கணக்கையும் இழுப்பது அதனால்தான். நிறுத்திய இடத்திலேயே வெப்பம் ஏறக்குறைய நின்றுவிடும் என்பதுதான் இன்றைய கணிப்பு. அதற்கு மேலே ஏறாது, ஆனால் கீழேயும் இறங்காது.

கடல் மட்டும் நிற்காது. இதுவரை மிச்சமான சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலுக்குள் போயிருக்கிறது, காற்று கொஞ்சமாகவே சூடாகியிருப்பதற்கு அந்தப் பெரிய அண்டாதான் காரணம். சூடான தண்ணீர் விரியும், அத்தோடு நிலத்தின் மேலிருக்கிற பனி உருகி வந்து சேரும். 1901இலிருந்து 2018 வரைக்கும் சராசரிக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது, ஒரு சாண் அளவு. மேலே இருக்கிற சூடு ஆழத்துக்கு இறங்கப் பல நூற்றாண்டுகள் பிடிக்கும், அது இறங்கி முடிக்கிற வரைக்கும், புகையை நிறுத்திய பிறகும்கூட, கடல் மெல்ல ஏறிக்கொண்டேதான் இருக்கும்.